ஒலிமுகவாசலில் ஒருவன் நிற்கிறான்

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகரகுரு ஐயா அவர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் இதில் நான் எழுதவில்லை. எழுதியது யார் என்று உங்களுக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மூடிய கவரில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறையும் "பரிசீலனையில் இருக்கிறது" என்று வாய்வழியாகப் பதில் வந்தது. அதனால்தான் இப்போது திறந்தே எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபமும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

போன மாதம் நம் சபைப் பையன் ஒருவனுக்குக் கமிட்டியிலிருந்து ஒரு கடிதம் போனது. அவன் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "வழக்கு முடியும்வரை திருவிருந்தில் பங்குபெறாமல் ஒதுங்கியிருக்குமாறு அன்பாய்க் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்று அதில் இருந்தது. நான் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, 2012 ஜனவரியில் எனக்கு வந்த கடிதத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை அதே கடிதம். அன்பாய் என்ற சொல்கூட அதே இடத்தில்.  பதிமூன்று வருஷமாக அந்தக் கடிதம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்திருக்கிறது. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்.

பையன் செய்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். போன ஆகஸ்டில், வேலை முடிந்து ராத்திரி பைக்கில் வரும்போது, ரோட்டைக் கடந்த ஒரு பாட்டி மேல் மோதிவிட்டான். நான்காம் நாள் பாட்டி இறந்துபோனார். குடித்திருக்கவில்லை. ஆனால் வேகமாக வந்தேன் என்று அவனே சொல்கிறான். இப்போது ஜாமீனில் இருக்கிறான். பாட்டியும் நம் சபைதான். அவருடைய மகன் குடும்பம் வலதுபக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறது. உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை.

என் கதையைச் சொல்லாமல் இதற்கு மேல் எழுத முடியாது.

2011 நவம்பர். அப்போது நான் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு விடியுமுன் சந்தைக்குப் போகிற வேலை. முந்தின நாள் ராத்திரி ஒரு நடை போய்விட்டு வந்து இரண்டு மணி நேரம்தான் படுத்தேன். இன்னொரு நடை இருக்கிறது, போகிறாயா என்று கேட்டார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானூறு ரூபாய் பேட்டா. போனேன். நாலே முக்கால் மணிக்கு, மழை விட்ட ரோட்டில், ஒரு வளைவில் என் கண் மூடியது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் தெரியாது. கண் திறந்தபோது ஒரு சைக்கிள் வண்டிக்கு அடியில் கிடந்தது. பின் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கேரியரில் கட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் கேன் ரோட்டில் உருண்டு, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

இறங்கி, சைக்கிளில் வந்தவரைத் தூக்கி ஓரத்தில் படுக்க வைத்தேன். டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். யாரோ 108-க்குப் போன் பண்ணினார்கள். அடுத்தது என் முதுகில் முதல் அடி விழுந்தது. இரண்டாவது அடிக்கு நான் நிற்கவில்லை. வாழைத் தோட்டத்துக்குள் ஓடினேன். வயல் வரப்பு, வாய்க்கால், முள்வேலி எல்லாம் தாண்டி, எங்கே ஓடுகிறேன் என்று தெரியாமல் ஓடி, ஒரு சின்னக் கோயில் முன்னால் வந்து நின்றேன். நம் சபை மாதிரி ஒரு கிராமத்துச் சபைக் கோயில்தான். கதவில் பெரிய பூட்டு. அந்தப் பூட்டைப் பிடித்து இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை, அது திறக்காது என்று எனக்குத் தெரியும். படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு மணியடிக்க அந்த ஊர்க் கோயில்பிள்ளை வந்தார். தலையில் துண்டு, கையில் டார்ச்சு. "யாருல அது?" என்றார். "வண்டியில ஆளை அடிச்சிட்டேன்" என்றேன். டார்ச்சை என் முகத்தில் அடித்துப் பார்த்தார். ரத்தம் இருந்தது; என்னுடையதா அவருடையதா என்று சொல்லத் தெரியாது. பூட்டைத் திறந்தார். "உள்ள போய் இரி. மணியடிச்சிட்டு வாரேன்" என்றார்.

மணியை முழுசாக அடித்துவிட்டுத்தான் வந்தார். ஒருத்தன் ஆளைக் கொன்றுவிட்டேன் என்கிறான், இந்த மனுஷன் கயிற்றைப் பிடித்து நிதானமாக இழுத்துக்கொண்டிருக்கிறாரே என்று அப்போது ஆச்சரியமாக இருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் தந்தார். முகத்தைக் கழுவச் சொன்னார். அப்புறம் அவருடைய டிவிஎஸ் 50-இல் பின்னால் உட்கார வைத்து, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். எழுதிக் கொடுக்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சைக்கிளில் வந்தவர் மதியம் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்ற செய்தி வந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார்.

கோயிலுக்குள் அடைக்கலம் கொடுத்தவரேதான் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூட்டிப்போனார். அடைக்கலம் கொடுத்தால் குற்றத்தை மூடி மறைத்ததாகிவிடும் என்று கமிட்டியில் ஒருவர் பேசியதாகக் கேள்விப்பட்டேன். அவருக்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வழக்கு ஆறு வருஷம் நடந்தது. என் மேல் போட்டது 304-ஏ, கவனக்குறைவால் மரணம் உண்டாக்கியதற்கான பிரிவு, அன்றைக்கு அதிகபட்சம் இரண்டு வருஷம். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 106. அதிகபட்சம் ஐந்து வருஷம். பையனுடைய வழக்கு அதில்தான் வருகிறது. எனக்குக் கீழ்க்கோர்ட்டில் ஆறு மாதம் தண்டனை சொன்னார்கள். அப்பீலில் 2017-இல் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை பண்ணினார்கள். வெளியே வந்ததும் வக்கீல் கை கொடுத்தார், மைத்துனன் லட்டு வாங்கி வந்தான். நான் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு யோசித்தேன். கோர்ட்டுக்குச் சந்தேகம் இருக்கிறது. சரி. எனக்கு ஒரு சந்தேகமும் இல்லையே.

நல்லவேளையாக, அதற்கு முன்பே எனக்கு வேறொரு தீர்ப்பு கிடைத்திருந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

2012-இல் உங்கள் கடிதம் வந்த பிறகு நான் கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சில், மணிக்கயிறு தொங்குகிற சுவரோரம் உட்காருவேன். பாடகர் குழுவில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். காணிக்கைத் தட்டும் கைக்கு வரவில்லை. திருவிருந்து ஞாயிறில் எல்லாரும் அப்பம் வாங்க வரிசையாக முன்னால் போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டிப் போகிறவர்களின் செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நம் சபையில் யாருக்கு எந்தக் கால் வளைந்திருக்கிறது, யாருக்குப் பித்தவெடிப்பு என்று எனக்கு மனப்பாடம். இதை வேடிக்கையாகத்தான் சொல்கிறேன். அப்போது வேடிக்கையாக இல்லை.

இடையில் வெளியே எங்கெங்கோ போனேன். ஒரு பெரிய கன்வென்ஷனில், பாவம் மன்னிக்கப்பட வேண்டியவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். இரண்டு கையையும் உயர்த்தினேன். அழுதேன். மேடையிலிருந்து "உன் பாவம் போயிற்று" என்றார்கள். பஸ் ஏறி ஊருக்கு வந்து இறங்கும்போது சைக்கிள் சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. இன்னொருவர் வீட்டுக்கு வந்து, இது உன் தாத்தா காலத்துச் சாபம், எண்ணெய் ஜெபம் பண்ணினால் போகும் என்றார். தாத்தா பனையேறிப் பிழைத்த மனுஷன். நான் பேட்டாவுக்கு ஆசைப்பட்டு ஓட்டியதற்கு அவர் என்ன செய்வார்?

2014-இல் மாற்றலாகி நமக்குப் போதகராக ஒரு ஐயர் வந்தாரே, மூத்தவர், காது கொஞ்சம் மந்தம். அவர் வந்து ஒரு மாதத்திற்குள் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டங்காப்பி குடித்தார். "நடந்ததை ஒரு தடவை சொல்லு" என்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன்: அவர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார், ரோடு ஈரம், லைட் இல்லை... வக்கீல் சொல்லிக்கொடுத்தது. மூன்று வருஷத்தில் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் இன்ஷூரன்ஸ்காரருக்கும் அதையே சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நடந்தது போல ஆகிவிட்டிருந்தது. ஐயர் காதில் கையை வைத்துக்கொண்டு, "கேக்கல, திரும்பச் சொல்லு" என்றார். திரும்பச் சொன்னேன். "கேக்கல" என்றார் மறுபடியும். நிஜமாகவே கேட்கவில்லையா, வேண்டுமென்றே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூன்றாவது முறை கத்திச் சொன்னேன். "தூங்கிட்டேன் ஐயா. நானூறு ரூவாய்க்காகத் தூங்காம ஓட்டுனேன், தூங்கிட்டேன்." அடுக்களையில் என் மனைவி பாத்திரம் விளக்குகிற சத்தம் நின்றுவிட்டது. அவளுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும்.

இன்றைக்கு இதை எழுத்தில் போடுவதால் பழைய வழக்கு திரும்ப வருமோ என்று மருமகன் பயப்படுகிறான். வந்தால் வரட்டும்.

ஐயர் என்னைத் தேற்றவில்லை. "பரவாயில்ல" என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா. ஒரு மனுஷன் உன் கையால செத்துட்டான்" என்றார். அதுவரை எல்லாரும் ஒன்று என்னைக் கொலைகாரன் என்றார்கள், இல்லையென்றால் உன் மேல் தப்பே இல்லை என்றார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் வேதத்தைத் திறந்து யோசுவா 20-ஆம் அதிகாரத்தை வாசித்தார்.

மூப்பர்களே, அந்த அதிகாரம் உங்களைப் பற்றியது. என்னைப் பற்றியது பாதிதான்.

கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றுபோட்டவன் ஓடிப்போக ஆறு பட்டணங்கள் குறிக்கப்பட்டன. கேதேஸ், சீகேம், எப்ரோன் யோர்தானுக்கு இந்தப் பக்கம். பேசேர், ராமோத், கோலான் அந்தப் பக்கம். எங்கேயிருந்து ஓடினாலும் ஒன்று எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அதற்குப் போகிற வழியையும் உண்டாக்க வேண்டும் என்று உபாகமம் 19 சொல்கிறது. விறகு வெட்டுகிறவனுடைய கோடரி காம்பைவிட்டுக் கழன்று பக்கத்தில் நிற்கிறவன் மேல் பட்டதை அங்கே உதாரணமாகச் சொல்லியிருக்கிறது. கோடரி கழன்றதற்கும் கண் மூடியதற்கும் வித்தியாசம் உண்டு, ஐயர் அதையும் மறைக்காமல் சொன்னார். "உன்னோடது கோடரிக்கும் கொலைக்கும் நடுவுல. ஆனா ஓடிவந்தவனை வாசல்ல நிறுத்தி, நீ எத்தனை வீதம்னு அளந்துட்டு உள்ள விடச் சொல்லல" என்றார்.

என்ன சொல்லியிருக்கிறது? ஓடிவந்தவன் பட்டணத்தின் ஒலிமுகவாசலில், அதாவது ஊரின் நுழைவாசலில் நின்று, மூப்பர்களின் காது கேட்கத் தன் காரியத்தைச் சொல்ல வேண்டும். அப்போது மூப்பர்கள் அவனைப் பட்டணத்துக்குள்ளே சேர்த்துக்கொண்டு, தங்களோடே குடியிருக்க இடம் கொடுக்க வேண்டும். வரிசையைப் பாருங்கள். அவன் சொல்லுகிறான், இவர்கள் சேர்த்துக்கொள்ளுகிறார்கள், இடம் கொடுக்கிறார்கள். சபைக்கு முன்பாக நியாயம் விசாரிக்கப்படுவது அதற்குப் பிறகு. வேண்டுமென்றே கொன்றவன் என்று தெரிந்தால் அவனுக்கு அங்கே இடமில்லை, பிடித்துக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் எழுதியிருக்கிறது. ஆனால் விசாரணை முடியும்வரை அவன் இருக்க வேண்டிய இடம் உள்ளே. நாம் அதைத் திருப்பிப் போட்டுவிட்டோம். விசாரணை முடியும்வரை வெளியே இரு என்கிறோம், அதுவும் அன்பாய்.

உள்ளே வந்தவன் எவ்வளவு நாள் இருக்க வேண்டும்? அந்த நாட்களில் இருக்கிற பிரதான ஆசாரியன் மரணமடையும்வரை. அதற்குப் பிறகு அவன் தன் ஊருக்கும் தன் வீட்டுக்கும் திரும்பிப் போகலாம். "நம்ம பிரதான ஆசாரியர் மரிச்சு எத்தனை வருஷமாச்சு?" என்று ஐயர் கேட்டார். இயேசுவைத்தான் சொன்னார். ஞாயிறுபள்ளியில் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரி, பதிலுக்குக் காத்திருந்தார். நான் பதில் சொல்லவில்லை. தொண்டை அடைத்துவிட்டது. எபிரெயர் நிருபத்தில் "அடைக்கலமாய் ஓடிவந்த நமக்கு" என்று ஒரு வார்த்தை வருகிறதே, அதைக் காட்டினார். அந்த நிருபத்தை எழுதியவரும் ஓடிவந்த ஆள்தான் போலிருக்கிறது என்றேன். சிரித்தார்.

அப்புறம் நான் முழங்கால் போட்டேன். ஐம்பத்தோராம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். "என் பாவம் எப்பொழுதும் எனக்கு முன்பாக நிற்கிறது" என்ற இடம் எனக்கு ஏற்கெனவே தெரியும். "இரத்தப்பழிகளுக்கு என்னை நீங்கலாக்கிவிடும்" என்று கீழே ஒரு வரி இருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. முப்பத்தெட்டு வயதுவரை கோயிலில் வளர்ந்தவன், அந்த வரி எனக்குத் தேவைப்படாதவரை என் கண்ணில் படவே இல்லை. ஐயர் என் தலையில் கை வைத்து, நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால் அவற்றை மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார் என்ற யோவானின் வசனத்தைச் சொன்னார். இரக்கமுள்ளவர் என்று இருக்கும் என நினைத்திருந்தேன். நீதியுள்ளவர் என்று இருக்கிறது. என் குற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டுத் தருகிற மன்னிப்பாக இருந்திருந்தால் என்னால் அதை நம்பியிருக்க முடியாது.

அன்றைக்கு ராத்திரியும் தூக்கம் வரவில்லை. ஆனால் படுத்திருக்க முடிந்தது. அதுவரை விடியவிடியத் திண்ணையில் உட்கார்ந்தே இருப்பேன்.

அடுத்த ஞாயிறு ஐயர் கமிட்டியைக் கேட்காமல் என்னைத் திருவிருந்துக்கு வரச் சொன்னார். அதற்காக அவரிடம் நீங்கள் விளக்கம் கேட்டதும், அடுத்த வருஷமே அவருக்கு மாற்றல் வந்ததும் எனக்குத் தெரியும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னீர்கள், நம்புகிறேன். நான் முன்னால் போய் முழங்கால் படியிட்டபோது அப்பம் கையில் வந்தது. "உனக்காக" என்கிற ஒரு வார்த்தை அங்கே வருகிறதே, உங்களுக்காக என்று மொத்தமாகச் சொல்லாமல் ஒவ்வொருத்தர் முன்னாலும் நின்று உனக்காக, உனக்காக என்று சொல்லிக்கொண்டே போவார்களே. என் முறை வந்தபோது அவர் குரல் கொஞ்சம் கூடியது. காது மந்தமானவர்களுக்குக் குரல் கூடத்தான் செய்யும்.

அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கக்கூடாது என்று 1 கொரிந்தியர் 11-ஐக் காட்டித்தான் அன்றைக்கு என்னை நிறுத்தினீர்கள், இன்றைக்குப் பையனையும் நிறுத்துகிறீர்கள். அந்த அதிகாரத்தை மேலேயிருந்து வாசியுங்கள். அங்கே குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார்? இல்லாதவர்கள் பசியோடு நிற்க, முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டவர்கள். நம் சபை விருந்தான அசனத்தில் விஐபி பந்தி முதலில் போடுகிறோமே, அது மாதிரி. அபாத்திரமாய் என்கிற வசனத்துக்கு அடுத்த வசனத்தில் "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்று இருக்கிறது. அறிந்தபின் சாப்பிடாமல் போகச் சொல்லவில்லை. அப்பத்தில் புசித்து, பாத்திரத்தில் பானம்பண்ணச் சொல்லியிருக்கிறது. கமிட்டி சோதித்தறிந்து என்று எந்த மொழிபெயர்ப்பிலும் நான் பார்க்கவில்லை.

பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு மூன்று தடவை இயேசுவைத் தெரியாது என்றவன். பிறகு கடற்கரையில் கர்த்தர் கரிநெருப்புப் போட்டு, மீன் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். பேதுருவைக் கேள்வி கேட்டது சாப்பிட்ட பிறகு.

நம் வட்டாரத்துச் சபைகளின் சரித்திரமே அடைக்கலத்தின் சரித்திரம்தான். முதலூர் என்றால் இப்போது எல்லாருக்கும் மஸ்கோத் அல்வா ஞாபகம் வருகிறது. 1799-இல் தாவீது சுந்தரானந்தம் அந்த நிலத்தை வாங்கியது, விசுவாசத்துக்காக அடிபட்டு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் வந்து தங்குவதற்கு. அப்படி உண்டான முதல் ஊர் என்பதால்தான் அது முதலூர். அதற்கும் முன்னால் பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்தார். கலியாணம் இல்லாமல் ஒரு ஆங்கில அதிகாரியோடு வாழ்கிறவர் என்பது காரணம். பிறகு 1778-இல் அவரே வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த அம்மா கட்டிய ஆலயம் 1785-இல் எழும்பியது. 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தது நாற்பது பேர். "அன்பாய்க் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்று அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் போய், விஷயம் அதோடு முடிந்திருந்தால், நாமெல்லாம் இன்றைக்கு எங்கே உட்கார்ந்து கமிட்டி கூடியிருப்போமோ தெரியாது.

இனி மூன்றாவது பெஞ்சைப் பற்றி. இதைச் சொல்லாமல் மேலே எழுதியது எல்லாம் பாதி நியாயம்.

என்னால் இறந்தவருடைய வீட்டுக்கு நான் போனேன். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயுவில் இருக்கிறதே, அதை நம்பிப் போனேன். முதல் முறை அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்தார்கள். மூன்றாம் முறை, "வந்து வந்து நிக்காதீங்க. உங்களைப் பாத்தா எனக்கு அவரு சைக்கிளுதான் தெரியுது" என்றார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடன் அவர்களுக்கு இல்லை. அவர்கள் வாசலில் போய் நின்றது அவர்களுக்காக இல்லை, எனக்காகத்தான் என்று வீடு திரும்புகிற வழியில் புரிந்தது. அடைக்கலப்பட்டணத்தில் இருக்கிறவன் எல்லையைத் தாண்டிப் போகக்கூடாது என்பதற்கு இப்படி ஒரு அர்த்தமும் இருக்கலாம். ஐயர் சொல்லிக்கொடுத்ததல்ல, நானே நினைத்துக்கொண்டது. தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

பாட்டியின் மகனை நான் போன வாரம் பார்த்தேன். அவர் சொன்னதை எழுதலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "அவனை வெளிய நிறுத்துறதுனால எங்கம்மா வரப்போறதில்ல. ஆனா அவன் பக்கத்துல முழங்கால் போட என்னால முடியாது. அவனைக் கண்டாலே கை நடுங்குது." அவர் இன்னொன்றும் சொன்னார். அடக்கத்தன்று வந்ததோடு சரி, நாற்பதாம் நாள் ஜெபத்துக்குக்கூடக் கமிட்டியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லையாம். நீங்கள் அவர் பக்கம் நிற்பதாகச் சொல்லித்தானே பையனைத் தள்ளி வைத்திருக்கிறீர்கள்? அவரோ தன் பக்கத்தில் யாருமே இல்லை என்கிறார். ஒருவனை வெளியே நிறுத்தியதும் இரண்டு வீட்டு வேலையும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றியது.

அவர் கை நடுங்குவது நியாயம். அவரை அவசரப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. பிரசங்கத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசி அவரை ஜாடை காட்டவும் வேண்டாம், தயவுசெய்து. நமக்குக் காலை ஐந்தரை மணிக்கு ஒரு ஆராதனை, எட்டரைக்கு ஒரு ஆராதனை இருக்கிறது. பாட்டி வீட்டார் எட்டரைக்கு வருகிறவர்கள். பையன் ஐந்தரைக்கு வருகிறேன் என்கிறான், வருஷக்கணக்கானாலும் சரி என்கிறான். இதைக் கமிட்டி யோசித்திருக்கலாம். யோசித்தது அவன்.

இன்னும் ஒரு விண்ணப்பம். கோயிலின் வடக்குப் பக்கக் கதவைப் பகலில் பூட்டாமல் வையுங்கள். வெள்ளிக் குத்துவிளக்கும் மைக் செட்டும் திருட்டுப் போகும் என்பீர்கள். அவற்றை உள்ளறையில் வைத்துப் பூட்டலாம். கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சிக்கு லோடு கொண்டுபோனபோது அடைக்கல மாதா கோயிலில் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தேன். நாம் சிஎஸ்ஐ, அவர்கள் ஆர்சி, அது இருக்கட்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு கோயில் திறந்திருந்தது, ஒருவரும் என்னை யார் என்று கேட்கவில்லை. ஓடிவருகிறவன் ஆராதனை நேரம் பார்த்து ஓடிவருவதில்லை. ஐந்து மணிக்கு மணியடிக்க வந்த அந்தக் கோயில்பிள்ளை அன்றைக்குக் காய்ச்சலாய்ப் படுத்திருந்தால் நான் அந்தத் தோட்டத்துக் கிணற்றுப் பக்கம்தான் போயிருப்பேன். கிணறு இருபதடி தூரத்தில் இருந்தது. போகிற வழியில் பார்த்து வைத்திருந்தேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கமிட்டி கூடுகிறது என்று அறிந்தேன். பையன் வெளியே வராந்தாவில் நிற்பான். நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவனுக்கும் வக்கீல் பேச்சுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதனால் முதல் தடவை ஒரு மாதிரி சொல்லுவான். அவசரப்படாதீர்கள். கேட்கவில்லை, திரும்பச் சொல் என்று சொல்லுங்கள். குரலே வராது அவனுக்கு. அவன் பேசும்போது மட்டும் அந்தப் பெரிய மின்விசிறியை நிறுத்திவையுங்கள்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சில் மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன்